வீட்டுப் பத்திரத்தை வைக்காமல் வெளிநாட்டில் படிக்க முடியுமா?

தம்பி, நீங்கள் கேட்டது இரண்டே வரி. வெளிநாட்டில் எம்.எஸ். படிக்க முழு உதவித்தொகை பெறுவது எப்படி என்பது ஒன்று. 45,000 ரூபாய் கட்டினால் நூறு சதவீத உதவித்தொகை உறுதி என்று ஓர் ஆலோசனை நிலையம் சொல்கிறது, கட்டலாமா என்பது இன்னொன்று. ஆனால் கீழே நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களையும் சேர்த்துப் படித்தால் கேள்வி வேறாகத் தெரிகிறது. பள்ளிபாளையத்தில் அப்பாவுக்கு எட்டு விசைத்தறி, ஆண்டு வருமானம் நான்கு லட்சத்துக்குள், கையிருப்பு நாலரை லட்சம். பிற்படுத்தப்பட்ட வகுப்பு. இயந்திரப் பொறியியலில் இறுதியாண்டு, சராசரி 8.1. பிளஸ் ஒன் படிக்கும் தங்கை. "வீட்டுப் பத்திரத்தை வைக்க அப்பா தயார், எனக்குத்தான் மனம் வரவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆக, நீங்கள் உண்மையில் கேட்பது அந்தப் பத்திரத்தைத் தொடாமல் போய்ப் படித்துவிட்டு வர வழி உண்டா என்பதைத்தான். அதற்கே பதில் எழுதுகிறேன்.

நான் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பொதுத்துறை வங்கி ஒன்றில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தேன். அதில் பாதிக்கு மேல் கல்விக் கடன் கோப்புகளோடு போனது. ஓய்வு பெற்ற பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர் நூலகத்தில் உட்கார்ந்து, வருகிற பிள்ளைகளின் விண்ணப்பங்களைப் பார்த்துக் கொடுக்கிறேன். பணம், பத்திரம், வட்டி என்றால் நேரில் கண்டதைச் சொல்வேன். பல்கலைக்கழகத் தேர்வுக் குழு என்ன நினைக்கும் என்பதெல்லாம் எனக்கு அந்தப் பிள்ளைகள் வழியாக வந்த செய்திதான். வெளிநாட்டு மருத்துவப் படிப்பைப் பற்றி நான் பேசுவதே இல்லை. அது தனி உலகம்.

முதலில் அந்த 45,000. கட்டாதீர்கள். இதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. உண்மையான உதவித்தொகை எதுவும் "உறுதி" என்று முன்கூட்டியே வருவதில்லை, அதை வாங்கித் தர இடைத்தரகரும் தேவையில்லை. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள், மாணவரைச் சேர்த்துவிடும் முகவருக்குத் தாங்களே தரகு கொடுக்கின்றன. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் அப்படிக் கொடுப்பதில்லை. ஆலோசனை நிலையத்தின் சுவரில் எந்த நாட்டுக் கொடி பெரிதாக இருக்கிறது என்று பாருங்கள், காரணம் புரியும். எல்லா ஆலோசகரும் ஏமாற்றுக்காரர் என்று சொல்ல மாட்டேன். விசா விண்ணப்பத்தைப் பிழையில்லாமல் நிரப்பித் தருபவர்கள் இருக்கிறார்கள், அதற்கு நியாயமான கூலியும் வாங்குகிறார்கள். ஆனால் உதவித்தொகை அவர்கள் கையில் இல்லை.

அவர்கள் சொல்லும் "உதவித்தொகை" எது தெரியுமா? ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடிதான். என்னிடம் வந்த ஒரு பெண் பிரிட்டனிலிருந்து வந்த சேர்க்கைக் கடிதத்தைப் பெருமையோடு நீட்டினாள். கட்டணம் 24,000 பவுண்டு, "திறன் உதவித்தொகை" 4,000 பவுண்டு. அதே ஊரிலிருந்து அதே படிப்புக்கு விண்ணப்பித்த மூன்று பேருக்கும் அதே 4,000. ஒருவன் இரண்டு பாடத்தில் அரியர் வைத்தவன். மீதி 20,000 பவுண்டை, ஒரு பவுண்டு 115 ரூபாய் என்று வைத்தாலும் 23 லட்சம் ஆகிறது. வாழ்க்கைச் செலவு அதற்கு மேல் பத்து லட்சத்தைத் தாண்டும். பிரிட்டிஷ் கவுன்சில் வழியாக வரும் 'கிரேட்' உதவித்தொகை உண்மையானது, மதிப்புள்ளது. ஆனால் அதுவும் குறைந்தது 10,000 பவுண்டைக் கட்டணத்தில் கழிப்பதுதான், முழுச் செலவும் அல்ல. எனவே எந்தக் கடிதம் வந்தாலும் உதவித்தொகை எவ்வளவு என்று பார்க்காதீர்கள். எல்லாம் போக நம் கையிலிருந்து எவ்வளவு போகும் என்ற ஒரே எண்ணை எழுதுங்கள். முழுக் கட்டணத்தில் பாதி தள்ளுபடி தருகிற இடத்தைவிட, கட்டணமே வாங்காத இடம் மலிவாக முடியும்.

பெரிய பெயர்களை வேகமாகப் பார்த்துவிடலாம். அமெரிக்காவில் படிக்கத் தரும் ஃபுல்பிரைட்-நேரு முதுகலை உதவித்தொகைக்கு மூன்று ஆண்டு வேலை அனுபவம் வேண்டும். அதன் பாடப் பட்டியலில் பொது சுகாதாரம், இதழியல், நகரத் திட்டமிடல் போன்றவை இருக்கின்றன, இயந்திரப் பொறியியல் இல்லை. பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகைக்கு இரண்டு ஆண்டு அனுபவம் தேவை, படித்து முடித்தபின் இரண்டு ஆண்டு தாய்நாட்டில் இருக்க வேண்டும். இன்லாக்ஸ் அறக்கட்டளை பொறியியலுக்கும் கணினி அறிவியலுக்கும் கொடுப்பதில்லை. ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD) வளரும் நாடுகளுக்கான முதுகலைப் படிப்புகளுக்கு நல்ல தொகை தருகிறது, அங்கும் இரண்டு ஆண்டு வேலை அனுபவம் கேட்கிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் படிக்கத் தரும் ரோட்ஸ் உதவித்தொகை இந்தியா முழுவதற்கும் விரல்விட்டு எண்ணும் இடங்கள். இவற்றில் எதுவும் இந்த ஆண்டு உங்களுக்கு ஆகாது. ஆனால் செவனிங், டாட் இரண்டையும் மறந்துவிடாதீர்கள். இரண்டு ஆண்டு ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு 24 வயதில் விண்ணப்பிப்பது தோல்வி இல்லை. நான் பார்த்தவர்களில் முழு உதவித்தொகையோடு போனவர்களில் பலர் கல்லூரியிலிருந்து நேராகப் போகாதவர்கள்.

அரசுத் திட்டங்களில் உங்களுக்கு நேரடியாகப் பொருந்துவது குறைவு. ஆனாலும் இதைப் படிக்கும் வேறு பிள்ளைகளுக்காகச் சொல்ல வேண்டும். மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை ஆண்டுக்கு 125 பேருக்கு. ஆதிதிராவிட வகுப்பினர், சீர்மரபினர், நிலமற்ற விவசாயக் கூலிகள், பாரம்பரியக் கைவினைஞர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கானது. குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பழங்குடியினருக்கு ஆண்டுக்கு 20 இடங்களோடு தனித் திட்டம் இருக்கிறது. தமிழ்நாடு அரசின் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறை, அண்ணல் அம்பேத்கர் பெயரில் நடத்தும் வெளிநாட்டு உயர்கல்வி உதவித்தொகையில் ஆண்டுக்கு அதிகபட்சம் 36 லட்சம் ரூபாய் வரை தருகிறார்கள். தகுதியுள்ள குடும்பங்களில் பாதிப் பேருக்கு இது தெரியவில்லை என்பது என் வருத்தம். மத்தியத் திட்டத்தின் கைவினைஞர் பிரிவைப் பார்த்துவிட்டு விசைத்தறியும் நெசவுதானே என்று நம்பி உட்காராதீர்கள். அந்தப் பிரிவில் இருப்பதே நாடு முழுவதற்கும் ஒரு கைவிரலுக்குள் அடங்கும் இடங்கள்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். 2024 நவம்பரில் வந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தைப் பற்றிக் கேட்டு வாரம் ஒருவராவது வருகிறார்கள். அது இந்தியாவுக்குள் இருக்கும் தேர்ந்த கல்வி நிறுவனங்களுக்கு மட்டும். வெளிநாட்டுப் படிப்புக்கு அதில் வட்டி மானியம் கிடையாது. 2015-இல் தொடங்கிய பழைய வித்யாலட்சுமி இணையதளம் வேறு. அதன் வழியாக ஒரே விண்ணப்பத்தை மூன்று வங்கிகளுக்கு அனுப்பலாம், வெளிநாட்டுப் படிப்புக்கும் அனுப்பலாம். பெயர் ஒன்றாக இருப்பதால் வரும் வினை இது.

தனியார் அறக்கட்டளைகளில் மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: 1892-இல் தொடங்கிய ஜே. என். டாட்டா அறக்கொடை, கே. சி. மஹிந்திரா அறக்கட்டளை, நரோத்தம் சேக்சரியா அறக்கட்டளை. இவை தருவது "கடன் உதவித்தொகை", அதாவது திருப்பிக் கட்ட வேண்டியது. மஹிந்திராவும் சேக்சரியாவும் வட்டியில்லாமல் தருகின்றன. பின்னாளில் குடியரசுத் தலைவரான கே. ஆர். நாராயணன் லண்டன் பொருளாதாரப் பள்ளிக்குப் போனது டாட்டா உதவித்தொகையில்தான். மொத்தச் செலவை இவை ஏற்காது. ஆனால் பத்து சதவீத வட்டிக்கு வாங்க வேண்டிய பணத்தில் சில லட்சங்கள் வட்டியில்லாமல் வந்தால் எவ்வளவு மிச்சம் என்று தவணை கட்டியவர்களைக் கேளுங்கள். நேர்காணல் உண்டு, ஆங்கிலத்தில் தெளிவாகப் பேச வேண்டும்.

இனி உங்களுக்குப் பொருந்துபவை. முதலாவது எராஸ்மஸ் முண்டஸ் கூட்டு முதுகலைப் படிப்புகள். ஐரோப்பிய ஒன்றியத்தின் பணம். கல்விக் கட்டணம் கிடையாது, மாதம் 1,400 யூரோ கையில் வரும், அதிகபட்சம் 24 மாதம். குறைந்தது இரண்டு நாடுகளில் படிப்பீர்கள். வேலை அனுபவம் கட்டாயமில்லை, இறுதியாண்டு மாணவர் விண்ணப்பிக்கலாம். அந்தந்தப் படிப்பை நடத்தும் கூட்டமைப்புக்கு நேரடியாக விண்ணப்பிக்க வேண்டும், பெரும்பாலும் அக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கெடு முடிந்துவிடும். இந்திய மாணவர்கள் ஆண்டுதோறும் நிறையப் பேர் பெறுகிறார்கள் என்பது உண்மை, போட்டி கடுமை என்பதும் உண்மை. 8.1 சராசரியோடு கிடைக்குமா என்றால், கிடைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன், ஒன்பதுக்கு மேல் வைத்துக்கொண்டு கிடைக்காதவர்களையும் பார்த்திருக்கிறேன். ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகையும் இதே வகை: விமானச் சீட்டு, கட்டணம், மாதம் 1,40,000 யென்னுக்கு மேல் உதவி. ஆனால் ஓர் ஆய்வுத் திட்டம் எழுதி, அங்குள்ள பேராசிரியர் ஒருவரை இசைய வைக்க வேண்டும்.

இரண்டாவது இத்தாலி. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் குடும்ப வருமானம் இங்கேதான் உங்களுக்குச் சாதகம். இத்தாலியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. அதோடு ஒவ்வொரு மாநிலமும் ஏழை மாணவருக்கு உதவித்தொகை கொடுக்கிறது, வெளிநாட்டு மாணவருக்கும் சேர்த்து. முதலாண்டில் மதிப்பெண்ணைப் பார்ப்பதில்லை, வருமானமும் சொத்தும்தான் அளவுகோல். கிடைத்தால் கட்டணம் முழுவதும் ரத்து. கையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 6,000 முதல் 7,000 யூரோ வரும், அதில் ஒரு பகுதியைச் சில மாநிலங்கள் விடுதியாகவும் உணவாகவும் கழித்துக்கொள்ளும். டூரின் பக்கம் ஓர் அமைப்பு, பொலோனா பக்கம் வேறொன்று, டஸ்கனியில் மற்றொன்று என்று நடத்துபவர்கள் வெவ்வேறு. கெடுவும் படிவமும் இடத்துக்கு இடம் மாறும். பெரும்பாலும் ஜூலையிலிருந்து செப்டம்பருக்குள், நீங்கள் விமானம் ஏறுவதற்கு முன்பே விண்ணப்பித்துவிட வேண்டும்.

அவர்கள் கேட்கும் தாள்களைக் கவனியுங்கள். குடும்பத்தில் யார் யார் என்பதற்குச் சான்று, முந்தைய ஆண்டுகளில் ஒவ்வொருவரின் வருமானம், வங்கி இருப்பு, சொந்த வீட்டின் பரப்பு. வெளிநாட்டில் இருக்கும் கட்டடத்தைச் சதுர மீட்டருக்கு 500 யூரோ என்று கணக்கிடுவார்கள். பள்ளிபாளையத்தில் ஓட்டு வீடா, மூன்று மாடியா என்பதெல்லாம் அவர்களுக்கு ஒன்றுதான், பரப்பு மட்டுமே கணக்கு. தறிக் கொட்டகை அப்பா பெயரில் இருந்தால் அதையும் காட்ட வேண்டியிருக்கும். இவற்றுக்கு வெளியுறவுத் துறையின் அப்போஸ்டில் முத்திரை (நம் ஆவணம் வெளிநாட்டில் செல்ல அது வேண்டும்), பிறகு இத்தாலிய மொழிபெயர்ப்பு. எல்லாம் கையில் வர இரண்டு மாதமாவது பிடிக்கும். பல பிள்ளைகள் கோட்டைவிடுவது இங்கேதான். சேர்க்கைக் கடிதம் வந்த பிறகு தாசில்தார் அலுவலகத்துக்கு ஓடினால் கெடு போய்விடும். இன்னும் மூன்று எச்சரிக்கை. தகுதி இருந்தும் நிதி போதாமல் "தகுதியுள்ளவர், ஆனால் பணம் இல்லை" என்று பட்டியலில் நிறுத்திவிடுவது சில மாநிலங்களில் சில ஆண்டுகளில் நடக்கிறது. முதல் தவணை நீங்கள் போய் மாதக்கணக்கில் கழித்துத்தான் வரும், அதுவரை கைப்பணம் வேண்டும். முதலாண்டில் குறிப்பிட்ட அளவு பாடங்களைத் தேறாவிட்டால் வாங்கியதைத் திருப்பிக் கேட்பார்கள்.

வருமானச் சான்றிதழ் என்றதும் ஒரு கோப்பு நினைவுக்கு வருகிறது. நான் பணியில் இருந்தபோது ஒரு பையனின் கடன் விண்ணப்பத்தில் இரண்டு தாள்கள் அடுத்தடுத்து இருந்தன. வருவாய்த் துறை கொடுத்த சான்றிதழில் அப்பாவின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய். ஆடிட்டர் போட்டுக் கொடுத்த வருமான வரிக் கணக்கில் அதே ஆண்டில், அதே மனிதருக்கு 9,60,000. உதவித்தொகைக்காகக் குறைத்து ஒன்று, கடனுக்காகவும் விசாவுக்காகவும் கூட்டி ஒன்று. இரண்டும் ஒரே நூலில் கோத்த கோப்பில் ஒன்றையொன்று பார்த்துச் சிரித்தன. பையன் நல்ல பையன், மதிப்பெண்ணும் நன்றாக இருந்தது. ஆனால் நான் எந்தத் தாளை நம்பிக் கையெழுத்துப் போடுவது? கோப்பு திரும்பிப் போனது. உங்கள் அப்பா நான்கு லட்சத்துக்குள் என்று சொல்கிறார் என்றால், எல்லாத் தாளிலும் அந்த எண்ணே இருக்கட்டும். குறைந்த வருமானம் உங்களுக்கு வெட்கமும் இல்லை, இந்தக் கணக்கில் நஷ்டமும் இல்லை. இரண்டு எண் இருப்பதுதான் ஆபத்து.

மூன்றாவது ஜெர்மனி. அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் இல்லை என்பது பெருமளவு உண்மை. விதிவிலக்குகளும் உண்டு. பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் 2017 முதல் அரையாண்டுக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் கட்டணம் வாங்கத் தொடங்கிவிட்டது. மற்ற இடங்களில் அரையாண்டுக்கு ஒரு சிறு தொகைதான். ஆனால் விசா கேட்கும்போது ஓராண்டுச் செலவுக்கான பணத்தை முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும்: 11,904 யூரோ, நம் பணத்தில் ஏறத்தாழ 12 லட்சம். அது யாருக்கும் கட்டும் கட்டணம் இல்லை, உங்கள் பணம்தான். அங்கே போனதும் மாதம் 992 யூரோவாக உங்களுக்கே திரும்பி வரும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி 7.5 லட்சம் வரை சொத்து ஈடு தேவையில்லை, அதற்கு மத்திய அரசின் கடன் உத்தரவாத நிதி இருக்கிறது. வெளிநாட்டுப் படிப்பென்றால் செலவில் 15 சதவீதத்தை நீங்கள் போட வேண்டும். உங்கள் கையில் நாலரை லட்சம் இருக்கிறது. ஏழரையும் நாலரையும் பன்னிரண்டு. முதலாண்டு முடக்கக் கணக்கு பத்திரம் இல்லாமலே நிரம்பிவிடுகிறது. விமானச் சீட்டுக்கும் முதல் மாத வாடகை முன்பணத்துக்கும் இன்னும் ஒன்றரை லட்சமாவது புரட்ட வேண்டும், அது வேறு.

இரண்டாம் ஆண்டுதான் நிச்சயமில்லாதது, அதை மறைக்க மாட்டேன். 2024 முதல் வெளிநாட்டு மாணவர் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்ய அனுமதி உண்டு. துறையிலேயே மாணவ உதவியாளர் வேலை கிடைக்கலாம். சேர்ந்த பிறகு விண்ணப்பிக்கும் டாய்ச்லாண்ட் உதவித்தொகையில் மாதம் 300 யூரோ வரும், அதற்கு நாட்டு வேறுபாடு கிடையாது. இவற்றால் இரண்டாம் ஆண்டைத் தள்ளியவர்கள் பலரை எனக்குத் தெரியும். ஜெர்மன் மொழி தெரியாமல் போய், முதல் எட்டு மாதம் வேலை கிடைக்காமல் அப்பாவுக்கு இரவில் தொலைபேசியில் அழைத்தவனையும் தெரியும். அதனால் இங்கிருக்கும்போதே மொழியில் இரண்டு நிலையாவது முடித்துவிட்டுப் போங்கள். ஆங்கிலத்தில்தான் பாடம் என்றாலும், ரொட்டிக்கடையில் வேலை ஜெர்மனில்தான்.

வங்கிக்குப் போகும்போது ஒரு சூட்சுமம். 7.5 லட்சத்துக்குள் கேட்டும் கிளை மேலாளர் பத்திரம் கேட்டால் சண்டை போடாதீர்கள். எந்த விதிப்படி என்று எழுத்தில் தரச் சொல்லிப் பணிவாகக் கேளுங்கள். முக்கால்வாசி இடங்களில் அந்தக் கேள்விக்குப் பிறகு பத்திரப் பேச்சு நின்றுவிடும். நானே மேலாளராக இருந்தவன், அதனால் சொல்கிறேன். 7.5 லட்சத்துக்கு மேல் போனால் மூலப்பத்திரம், 30 ஆண்டு வில்லங்கச் சான்று, வழக்கறிஞர் கருத்து, மதிப்பீட்டாளர் என்று வரிசை நீளும். தாத்தா பெயரிலிருந்து பாகப்பிரிவினை ஆகாத வீடாக இருந்தால் சித்தப்பாக்கள் கையெழுத்தும் வேண்டும், பாதிக் கடன்கள் அங்கேதான் சிக்கும். ஈடு இல்லாமல் பெருந்தொகை தரும் தனியார் நிதி நிறுவனங்கள் வட்டி கூடுதலாக வாங்கும், படிக்கும்போதே வட்டியை மாதாமாதம் கட்டச் சொல்லும்.

கடனின் உண்மையான கனம் என்னவென்று ஒரு தடவை எழுதிப் பாருங்கள். 30 லட்சம் ரூபாய், பத்து சதவீத வட்டி, இரண்டாண்டுப் படிப்புக்கு நான்கு சம தவணையில் வாங்குகிறீர்கள். படிப்பும் அதற்குப் பிந்தைய ஓராண்டுத் தவணை விடுப்பும் முடியும்போது தனிவட்டி மட்டும் 6,75,000 சேர்ந்திருக்கும். அதையும் சேர்த்துப் பத்து ஆண்டில் கட்டினால் மாதத் தவணை ஏறத்தாழ 48,500. பதினைந்து ஆண்டு என்றால் 39,500. வேலை கிடைத்தால் கட்டிவிடலாம். கிடைக்காமல் ஊர் திரும்பினால் எட்டுத் தறியும் இரவு பகலாக ஓடினாலும் போதாது. உங்களுக்கு மனம் வராதது சரியான உள்ளுணர்வுதான். கடனே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஏழரை லட்சத்தில் தவறு நேர்ந்தால் இங்கே ஒரு வேலையில் இருந்துகொண்டு அடைத்துவிடலாம், முப்பது லட்சத்தில் அது முடியாது.

அமெரிக்காவைப் பற்றியும் சுருக்கமாக: எம்.எஸ். படிப்புக்கு அங்கே பணம் கிடைப்பது அரிது, முனைவர் பட்டத்துக்குப் பணம் கிடைப்பது வழக்கம். பி.இ. முடித்தவர் எம்.எஸ். இல்லாமல் நேராக முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது. சேர்ந்தால் கட்டணம் ரத்து, பாடம் நடத்த உதவுவதற்கோ ஆய்வில் உதவுவதற்கோ மாத ஊதியம். ஆனால் ஐந்தாறு ஆண்டு ஆராய்ச்சியில் உட்காரும் மனம் வேண்டும். உதவித்தொகைக்காக மட்டும் போய் நடுவில் விட்டவர்கள் உண்டு. 2025-இல் அமெரிக்க அரசு ஆராய்ச்சி நிதியில் கைவைத்ததும் பல பல்கலைக்கழகங்கள் முனைவர் சேர்க்கையைச் சுருக்கிவிட்டன. அடுத்து எப்படிப் போகும் என்று இப்போது யாரும் அடித்துச் சொல்ல முடியாது. எம்.எஸ். சேர்ந்துவிட்டுப் போய்ப் பேராசிரியரைப் பிடித்து உதவியாளர் வேலை வாங்கிவிடலாம் என்று அண்ணன்மார் சொல்வார்கள். வாங்கியவர்கள்தான் வந்து சொல்கிறார்கள், வாங்காதவர்கள் சொல்வதில்லை. தங்கைக்காக ஒரு வரி: இளநிலைப் படிப்பில் ஹார்வர்ட், எம்.ஐ.டி., யேல், பிரின்ஸ்டன் போன்ற சில இடங்கள் வெளிநாட்டு மாணவரின் பண நிலையைப் பார்க்காமல் சேர்த்து, தேவையான முழுத் தொகையையும் தருகின்றன. கிடைப்பது மிக மிகக் கடினம். ஆனால் கிடைத்தால் உங்கள் வருமானத்துக்கு ஏறக்குறைய இலவசம்.

இனி நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவின் தறிகளை நீங்களே பழுது பார்ப்பதாகவும், ஊடை அறுந்ததும் தறியை நிறுத்தும் அமைப்பு சரியாக வேலை செய்யாததால் துணியில் விழுந்த பழுதைக் குறைக்க, கழிவில் வாங்கிய உணரிகளை (சென்சார்) நான்கு தறிகளில் பொருத்தியதாகவும் சொல்லியிருக்கிறீர்கள். பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு எழுதும் உங்கள் நோக்க அறிக்கையின் மாதிரியையும் இணைத்திருந்தீர்கள். அதில் இது ஒரு வரிகூட இல்லை. "சிறுவயது முதலே இயந்திரங்கள் மீது தீராத ஆர்வம்" என்று தொடங்குகிறது. அந்த வரியை நான் இதுவரை முந்நூறு தடவையாவது படித்திருப்பேன். அதை அடித்துவிட்டு, எத்தனை மீட்டருக்கு எத்தனை பழுது விழுந்தது, மாற்றிய பிறகு எத்தனை, எந்தத் தறியில் அது வேலை செய்யவில்லை, ஏன் என்று எழுதுங்கள். வேலை செய்யாத தறியைப் பற்றியும் கட்டாயம் எழுதுங்கள். பரிந்துரைக் கடிதம் தரும் பேராசிரியரை ஒருநாள் கொட்டகைக்கே அழைத்துப் போய்க் காட்டுங்கள். "ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி" என்று எழுதுவதைவிட அவருக்கும் சொல்ல ஏதாவது இருக்கும்.

கடைசியாக, அந்த 45,000 உங்கள் கையில் இருக்கிறதல்லவா? நம் படிப்புச் சான்றுகள் உண்மையானவை என்று சரிபார்த்துத் தரும், ஜெர்மனிக்குத் தேவையான ஏ.பி.எஸ். சான்றிதழுக்கு 18,000. 2022 நவம்பரிலிருந்து அது கட்டாயம், வர வாரக்கணக்கில் ஆகும், எனவே முதலில் அதைப் போடுங்கள். ஆங்கிலத் தேர்வுக்கும் ஏறத்தாழ அதே அளவு. மீதி ஒன்பதாயிரத்தில் மதிப்பெண் பட்டியல் நகல்களும் ஒரு ஜெர்மன் விண்ணப்பக் கட்டணமான 75 யூரோவும் அடங்கிவிடும். எராஸ்மஸுக்கு விண்ணப்பக் கட்டணம் பெரும்பாலும் இல்லை. இந்த மாதமே இ-சேவை மையத்தில் வருமானச் சான்றிதழுக்கு எழுதிப் போடுங்கள், அப்பாவின் வருமான வரிக் கணக்கையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. எராஸ்மஸ், இத்தாலி, ஜெர்மனி மூன்றிலிருந்தும் பதில் வர அடுத்த கோடை ஆகிவிடும். அதுவரை பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.